துபாயிலிருந்து மாறும் சேனல்

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். நான் இருக்கும் வீடும் உம்மா எனக்குக் கொடுத்தது, பத்திரம் என் பெயரில். ஆனால் இந்த வீட்டு டிவியில் என்ன ஓட வேண்டும் என்று முடிவு செய்தவர் துபாயில் இருந்த என் கணவர். சொன்னால் சிரிப்பார்கள். அனுபவித்தவளுக்குத்தான் எரிச்சல் தெரியும்.

போன விடுமுறையில் வந்தவர் டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். அதற்குள் ஒரு டிவி கார்டு. கேபிள் பெட்டியிலிருந்து வரும் படத்தை அந்தக் கார்டு வாங்கி டிவிக்கும் கொடுக்கும், இன்டர்நெட் வழியாக அவர் செல்போனுக்கும் அனுப்பும். எங்கள் ஊர் கால்பந்துப் போட்டி ஊர் கேபிளில் மட்டும்தான் வரும். சாயங்கால ஆட்டத்தை எட்டு மணிக்கு மறுபடியும் போடுவார்கள். அதைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அங்கிருந்து அவர் சேனலை மாற்றினால் இங்கேயும் மாறும் என்பதைச் சொல்லாமலே மனுஷன் விமானம் ஏறிவிட்டார்.

முதல் முறை தானாக மாறியபோது ஏதோ கோளாறு என்று நினைத்து ரிமோட்டை அழுத்தினேன். நான் மாற்ற, அது மறுபடி மாற, உம்மா பயந்துபோய் ஓதவே ஆரம்பித்துவிட்டார். அப்புறம் போன் வந்தது.

"புள்ள, நீ ஏன் மாத்துத? ரெண்டாவது பாதி ஆரம்பிச்சாச்சு."

அன்றிலிருந்து இதே கூத்து. சீரியலில் ஒருத்தி ஆறு மாதமாக மறைத்த உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பாள், அந்த நேரம் பார்த்து இருபத்திரண்டு பேர் பந்தைத் துரத்துவார்கள். உம்மாவின் மருந்து, மோட்டார் ரிப்பேர், மின்சார ஆபீஸ் என்று பகல் முழுக்க நானே அலைந்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால், அதிலும் கடல் தாண்டி வந்து கை வைக்கிறார். ஒரே ஒரு காரணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். நோன்புப் பெருநாள் கழிந்ததும் கேன்சலில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். கேன்சல் என்றால் விசாவை முடித்துக்கொண்டு மொத்தமாக ஊருக்கே வந்துவிடுவது. கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது.

ஆனாலும் ஒரு நாள் போனில் வெடித்துவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. இரண்டாவது கார்டு ஒன்று போட்டுவிடலாம், கூடவே இன்னொரு கேபிள் பெட்டியும் வாங்கிவிடலாம், உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் எங்கள் பேச்சு முழுக்கக் கார்டுதான். உள்ளே சொருகுவதா, வெளியே யுஎஸ்பியில் மாட்டுவதா? கம்ப்யூட்டரைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். உப்புக்காற்றில் பழைய கார்டின் ஓரம் துருப்பிடித்திருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்து அப்படி வருத்தப்பட்டார். அதே வாரம் முதுகு பிடித்துக்கொண்டு நான் படுத்துக் கிடந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? துருவைப் பற்றிக் கேட்டார்.

முதுகு சரியானதும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். கடைக்கார அண்ணாச்சி, இப்போதெல்லாம் இதை யார் கேட்கிறார்கள், எல்லாரும் செல்போனில் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே உள்ளே தேடி இரண்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். ஒன்று யாரோ கழற்றிக் கொடுத்த பழசு. மற்றது பிரிக்காத புதுசு, விலையும் கூடுதல். அங்கிருந்தே இவருக்குப் போன் போட்டேன். பழசே போதும், பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதம்தானே, அதுவரை ஓடினால் சரி என்றேன்.

"பழச எடுக்காத புள்ள. நம்ம ஊரு காத்துக்கு அது நிக்காது. கொறஞ்சது அஞ்சு வருசமாச்சும் ஒழைக்கணும்லா."

சொன்னவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்காரப் போகிறவருக்குத் தனியாக ஒரு கார்டு எதற்கு? இத்தனை நாள் இது ஏன் என் புத்தியில் ஏறவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது.

"அஞ்சு வருசம் அங்கன இருந்து யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

மென்று விழுங்கிச் சொன்னார். கம்பெனியில் விடமாட்டேன் என்கிறார்களாம். வேலையை நீட்டிக்கப் போன மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தாராம். அப்படியானால் இந்தக் கார்டுப் பேச்சு ஆரம்பித்ததே கையெழுத்துக்கு அப்புறம்தான். குழந்தைக்கு மிட்டாயைக் காட்டி ஊசி போடுவது போல எனக்கு ஒரு கார்டைக் காட்டியிருக்கிறார். அதோடு விட்டாரா? முதலில் கார்டை வாங்கு, மற்றதைப் பிறகு பேசலாம் என்றார்.

அண்ணாச்சி எதைக் கட்ட வேண்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனைத் திரும்பக் காதில் வைத்தேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். நிற்கட்டும்.

"ரெண்டாவது கார்டும் வேண்டாம், வீட்டுல இருக்கதையும் இன்னைக்கே கழத்திருவேன். இனிமே டிவி பாக்கணும்னா எம் பக்கத்துல வந்து உக்காந்து பாருங்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்தான் அழுதேன். ஆத்திரத்தில்தான் அழுதேன், யாரும் வேறு மாதிரி நினைக்க வேண்டாம்.