சூச்சௌ பாறைகளும் எங்கள் முனியாண்டி கல்லும்

காலை ஆறு மணிக்கு ஷாங்காய் விடுதியிலிருந்து பஸ் கிளம்பியது. சூச்சௌவுக்கு நூறு கிலோமீட்டர். கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து வந்த நாங்கள் பதினெட்டுப் பேர். என் பக்கத்தில் அண்ணன். எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் கமிட்டித் தலைவர். நான் வரமாட்டேன் என்றபோதும் விடாமல் வற்புறுத்தி அழைத்து வந்தவர் அவர்தான். வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை.

சண்டை ஒரு கல்லைப் பற்றி. தோட்டத்தை வாங்கிய வீடமைப்புக் கம்பெனி, செம்பனைகளுக்கு நடுவே நிற்கும் முனியாண்டியைப் பெயர்த்துச் சாலையோரச் சிமெண்டுக் கொட்டகையில் வைக்கச் சொல்கிறது. சிலையில்லை, முகமில்லை, இடுப்புயரக் கருங்கல். தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில், பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகுமுன் அப்பா தினமும் கும்பிட்ட கல். கமிட்டி கையெழுத்துப் போட்டால் அவ்வளவுதான். போடாதீர்கள் என்று ஆறு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். "கல்லுதானே, எங்க வெச்சா என்ன லா தங்கச்சி" என்பார் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எட்டரை மணிக்குச் சூச்சௌவின் சிங்கத் தோப்புப் பூங்காவுக்குள் நுழைந்தோம். சீட்டு நாற்பது யுவான். எங்கு திரும்பினாலும் கல். ஏரியிலிருந்து கொண்டுவந்த, ஓட்டை ஓட்டையான வெளிறிய பாறைகளை அடுக்கி மலையாக்கியிருக்கிறார்கள். அடியில் குகைகள், நடுவே குளம், பாலம். குனிந்து ஒரு குகைக்குள் போனால் ஏறி, இறங்கி, சுற்றி, நுழைந்த இடத்துக்கே வந்துவிடுகிறோம். சில பாறைகள் சிங்கம்போலவே உட்கார்ந்திருக்கின்றன. அறுநூறு வருஷத்துக்கு மேற்பட்ட பூங்கா. ஒரு கல் சாய்ந்தாலும் அதே இடத்தில்தான் நிமிர்த்துவார்களாம். எங்கள் வழிகாட்டி, பக்கத்து ஊரான சுங்கைப் பட்டாணிச் சீனர், மலாயில் சொன்னார். அண்ணன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

குளக்கரையில் ஒரு நெட்டைக் கல் தனியாக நின்றது. அண்ணன் அதன் முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக் கைகூப்பினார். அவரைப் பார்த்து நாலைந்து பேர் கழற்றினார்கள். ஒரு அக்கா கைப்பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கல்லடியில் வைத்தார். காவலாளி ஓடிவந்து சீனத்தில் ஏசினார். வழிகாட்டி சிரித்துச் சமாளித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"ஊர் பேர் தெரியாத கல்லுக்குச் செருப்பக் கழட்டுறீங்க. அப்பா கும்பிட்ட கல்ல லாரியில ஏத்தணுமா அண்ணே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டே சொன்னார்.

"போன மாசமே சைன் பண்ணிட்டேன். இன்னிக்குக் காலையிலதான் லாரி வருது. நீ அங்க இருந்தா முன்னால போய் உக்காந்துக்குவ. அதான் கூட்டிட்டு வந்தேன்."

பாவி மனுஷன். கூடப் பிறந்தவர்.

மணி ஒன்பதே கால். சீனாவுக்கும் கெடாவுக்கும் மணியில் வித்தியாசம் இல்லை. திரும்பும் விமானத்துக்கு இன்னும் மூன்று நாள். வழிகாட்டி கொடியைத் தூக்கி எல்லாரையும் அழைத்தார். நான் போகவில்லை. பீடோங்கில் லாரியை மறித்து உட்கார வேண்டியவள், யாரும் அசைக்க நினைக்காத அந்தக் கல்லின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.