அரை மாத்திரை, கால் மாத்திரை

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மாரண்டஹள்ளியில் குடியிருந்தோம். நான் மாத்திரை தின்கிறவள் என்பது தெருவுக்கே தெரியும். வயிற்றுவலிக்கோ காய்ச்சலுக்கோ தின்றிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டார்கள். நான் மனசுக்குத் தின்றேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இரண்டாவது பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அதன்பிறகு நான் படுத்த பாயைவிட்டு எழவில்லை. சோறு வைத்தால் தின்னவில்லை, பேசினால் பேசவில்லை. காய்கறி மண்டியில் இருந்த என் வீட்டுக்காரர்தான் ஓசூர் வழியாக பஸ்ஸில் பெங்களூருக்குக் கூட்டிப் போய் ஆஸ்பத்திரியில் காட்டினார். மாத்திரை தின்னத் தின்ன மெல்ல எழுந்தேன். அடுப்பு பற்ற வைத்தேன், தலை பின்னிக்கொண்டேன். அதற்குள் மூத்தவளை, அப்போது சின்னப்பிள்ளை, என் நாத்தனார் பென்னாகரத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்.

"மாத்திரய நிறுத்திட்டுச் சொல்லு. நானே கொண்டாந்து வுடறேன். மருந்து மயக்கத்துல கெடக்கறவ கையில புள்ளைய எப்படி வுடறது?" என்றார்.

பெற்றவள் நான், நிபந்தனை போடுகிறவர் அவர். உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் பிள்ளை அவர் வீட்டில் அல்லவா இருக்கிறது. "சரிங்க அண்ணி" என்றேன்.

பெங்களூர் டாக்டர் கன்னடத்துக்காரர். நிறுத்த வேண்டும் என்றதும் கையை உயர்த்தித் தடுத்தார். "ஒரேயடியா வேண்டாம் அம்மா. நிதானவாகி, நிதானவாகி" என்றார். முதலில் அரை, அப்புறம் கால், அப்புறம்தான் நிறுத்துவது. தலை சுற்றும், கெட்ட கனவு வரும், சத்தம்கூடக் கேட்கலாம், அது மருந்து உடம்பைவிட்டுப் போகிற பாடு, பயப்படாதே என்றும் சொன்னார். சொல்வது அவருக்குச் சுலபம்.

பாக்குவெட்டியில் மாத்திரையை நறுக்கினேன். நறுக்கிய பக்கம் நாக்கில் பட்டால் கசந்து, நாக்கு மரத்துவிடும். அரை மாத்திரையில் வியர்த்தது, தூக்கம் கெட்டது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். கால் மாத்திரைக்கு வந்தபிறகுதான் அது ஆரம்பித்தது.

நல்ல பகல். ராகி புடைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால், வாசற்படியில், "அம்மா" என்று என் மகள் கூப்பிட்டாள். அவள் குரலேதான். கடைசி எழுத்தை இழுக்கிற அந்த இழுப்புகூட அவளுடையது. முறத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். மண்டைக்குள் சுரீர். வாசலில் வெயில் மட்டும் கிடந்தது.

பிறகு தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கேட்டது. லோட்டாவை எடுத்துத் தண்ணீர் மொள்ளுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். லோட்டா கவிழ்த்த இடத்திலேயே இருந்தது, தரை மட்டும் ஈரமாக இருந்தது. பானை கசிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பானைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், வெளிப்பக்கம் காய்ந்திருந்தது.

எனக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்றுகூட நான் பயப்படவில்லை. பென்னாகரத்தில் இருக்கிற பிள்ளைக்கு என்னமோ ஆகி, அது இங்கே வந்து கூப்பிடுகிறதோ என்றுதான் குலை நடுங்கியது.

"பாப்பா நல்லாருக்கறாளாங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"கல்லாட்டம் இருக்கறா. ஏன் கேக்கற?"

"சும்மாதாங்க."

அதற்குமேல் அவரிடம் சொன்னால் அக்காக்காரி காதுக்குப் போய்விடும். அப்புறம் பிள்ளை எனக்கு இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். வீட்டில் கன்னடம் பேசுகிறவள், என் வயசுதான் இருக்கும். அவள் சிரிக்கவில்லை.

"எங்க சனத்துல ஒரு பழக்கம் இருக்குதுங்க. ஆளு தெரியாம கூப்புட்டா ரெண்டு வாட்டிக்கு ஏன்னு கேக்கக்கூடாது, திரும்பியும் பாக்கக்கூடாது. மனுசரா இருந்தா மூணாவது வாட்டியும் கூப்புடுவாங்க. அது ரெண்டோட நின்னுக்கும்."

டாக்டர் சொன்னதைவிட இது எனக்குக் கைக்கு அடக்கமாக இருந்தது. அன்றிலிருந்து கூப்பிட்டால் கழுத்தை விறைத்துக்கொண்டு கைவேலையைப் பார்த்தேன். இரண்டு முறை கேட்கும், நின்றுவிடும். கால் மாத்திரையும் ஒரு வழியாக நின்றது. கரண்ட் அடிப்பது குறைந்தது, தூக்கம் வந்தது. மாத்திரையை விட்டாகிவிட்டது என்று வீட்டுக்காரர் பென்னாகரத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

அதன்பிறகு ஒரு காலை, அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா."

நான் திரும்பவில்லை.

"அம்மா."

குழவியை இழுத்து அரைத்தேன். அப்புறம் சத்தமில்லை. தொலைந்தது சனியன் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் வாசலில் நாத்தனாரின் குரல் கேட்டது. "பெத்த புள்ள கூப்புடுது, தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. வா கண்ணு, நாம நம்ம வூட்டுக்கே போலாம்."

விழுந்தடித்து ஓடினேன். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கிவிட்டார். குறுக்கே போய் நின்றேன்.

"அரைக்கற சத்தத்துல கேக்கலீங்க அண்ணி" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? மிளகாய்க் கை படாமல் முழங்கையால் அணைத்துப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். வளர்ந்திருந்தாள், நன்றாகக் கனத்தாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அழுகை முட்டியது. அழுதால் அதுவும் ஒரு குற்றமாகும் என்று விழுங்கிக்கொண்டேன்.

நாத்தனார் வாசல்வரை திரும்பி வந்தார். உள்ளே வராமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாத்திர ஒண்ணும் இல்லியே இப்ப?"

"இல்லீங்க."

"தூங்கறியா?"

"தூங்கறனுங்க."

"வேற பயம் கியம் ஏதாச்சும்?"

அப்போது வீட்டுக்குள்ளிருந்து, தண்ணீர்ப் பானைப் பக்கமிருந்து, "அம்மா" என்று கேட்டது. அதே இழுப்பு.

இடுப்பில் இருந்தவள் வாயிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. நாத்தனாரின் கண் என் முகத்தைவிட்டு அசையவில்லை.

"ஒண்ணும் இல்லீங்க அண்ணி. உள்ள வாங்க, காப்பி வெக்கறேன்" என்றேன். பிள்ளையை இறக்கிவிடாமலே முதலில் நான் உள்ளே போனேன்.