ஒற்றை மணிக்கான எண்

ஊல்கானுக்கு வேண்டிய போன் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மணி அடித்தால் போதும். இதை ஓஷ் நகரச் சந்தையின் போன் வரிசையில் எந்தக் கடைக்காரனிடம் சொன்னாலும் சிரிப்பான். அதனால் முதல் மூன்று கடைகளில் கேமராவைப் பற்றியும் பாட்டரியைப் பற்றியும் சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள்.

நாலாவது கடை இக்ராமுடையது. பழைய கன்டெய்னர்தான் கடை. கதவைத் திறந்தால் ஆறு தெரியும். சூப்பில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தவன் தலையைத் தூக்கினான்.

"வாங்கக்கா. மாஸ்கோவா, இஸ்தான்புல்லா, கொரியாவா?"

"வெளிநாடுன்னு எப்படித் தெரியும்?"

"இந்த மாசம் போன் பாக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் மூட்டை கட்டினவங்க. மீதிப் பேர் மாப்பிள்ளைங்க. நீங்க மாப்பிள்ளை மாதிரி தெரியலையே."

"இஸ்தான்புல். மூணு வருஷம். ஒரு வயசான அம்மாவைப் பாத்துக்கணும்."

"அப்ப இங்க போன் வாங்காதீங்க." வாயிலிருந்ததை விழுங்கினான். "நான் இப்படிச் சொல்றது என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா வீட்ல சோறு கிடைக்காது. இங்கேருந்து கொண்டுபோற போன்ல அந்த ஊர் சிம்மைப் போட்டா நாலு மாசம் ஓடும். அப்புறம் பதிவு பண்ணலைன்னு முடக்கிடுவாங்க. பதிவு பண்றதுக்குக் கேக்கற காசுல இன்னொரு போனே வாங்கலாம். அங்கேருந்து ஊருக்குத் திரும்பற நம்ம பொம்பளைங்க யார்கிட்டயாவது பழசா ஒண்ணு வாங்கிக்கங்க."

ஊல்கான் பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எண்கள் தேய்ந்து போயிருந்தன. "இந்த நம்பர் உயிரோட இருக்கணும். அதுதான் வேணும்."

"யார் கூப்பிடுவாங்க? வாட்ஸப்ல கூப்பிடச் சொல்லுங்களேன், நம்பரே வேணாம்."

"வாட்ஸப்ல வராது."

"அப்ப அந்த ஊர் நம்பருக்குத் திருப்பி விட்டுடலாம்."

"ஒரு மணிதான் அடிக்கும். அடிச்சதும் வெச்சிடுவா."

இக்ராம் அவளை ஒரு கணம் பார்த்தான். யார் என்று மறுபடியும் கேட்கவில்லை. கடன்காரன், காதலன், காசில்லாத தம்பி என்று ஒற்றை மணி கொடுக்கிற ஆயிரம் பேரை அந்த வரிசை பார்த்திருக்கிறது. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு விரலை மடக்கி யோசித்தான். "திருப்பி விட்டா மணி சுத்திப் போய்ச் சேர நாலஞ்சு செகண்டு ஆகும். அதுக்குள்ள வெச்சுட்டா உங்களுக்குத் தெரியவே தெரியாது. ரோமிங்தான் வழி. இதே சிம், இதே போன், கையோட கொண்டு போங்க; நம்ம ஊர் சிம்னா முடக்க மாட்டாங்க. ரெண்டு திட்டம் இருக்கு. ஒண்ணு மாசாமாசம் நிறையக் கட்டணும், வர்ற கால் எடுத்தா பேசலாம். இன்னொண்ணு சும்மா உயிரோட வெச்சுக்கற திட்டம். எடுக்காத மணிக்குக் காசு இல்ல. எடுத்தீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல உள்ள இருக்கறதெல்லாம் காலி."

"எடுக்க மாட்டேன். ரெண்டாவது போதும்."

"இன்னொண்ணு கேளுங்க." தன் போனில் யாரையோ கூப்பிட்டு அவள் காதில் வைத்தான். "என் மச்சினன். அங்கதான் இருக்கான், ரோமிங்ல. மணியைக் கேளுங்க."

ஊரில் அடிக்கிற மணி குட்டையானது. இது இழுத்து அடித்தது. நடுவில் வெறுமை, மறுபடியும் நீளமாக ஒன்று. கூப்பிடுகிறவளுக்கு இந்த மணிதான் கேட்கும். எண் வேறு யாருக்கோ போய்விட்டது என்று நினைத்துவிட்டால் அடுத்த வருஷம் அதுவும் இருக்காது.

"இதை மாத்த முடியாதா?"

"கடவுளாலயும் முடியாதுக்கா."

கூப்பிடுகிறவள் ஜிபார், ஊல்கானின் ஒரே மகள். பத்தொன்பது வயதில், ஓர் அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, பக்கத்து ஊர்ப் பையன்கள் நாலு பேர் அவளைக் காரில் தூக்கிக்கொண்டு போய், ஒரு வீட்டில் உட்காரவைத்துத் இனி அந்த வீட்டு மருமகள் என்று தலையில் வெள்ளைத் துணி போட்டார்கள். மறுநாள் அவர்களுடைய பெரியவர்கள் ஆட்டோடு மன்னிப்புக் கேட்டு வந்தார்கள். ஊல்கானின் கணவன் அப்போது இறந்து இரண்டு வருஷம். அவனுடைய அண்ணன்தான் குடும்பத்துக்குப் பெரியவர். அவர் சம்மதம் என்று ஆட்டை வாங்கிக் கட்டினார். ஊல்கான் சமோவாருக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

ஆனால் அதற்கு முந்திய நாளே, ஆட்டுக்கு முன்னாலேயே, இந்தப் பட்டன் போன் அடித்திருந்தது. யாருடைய போனையோ வாங்கிப் பேசினாள் ஜிபார். "அம்மா, வந்து கூட்டிட்டுப் போ." ஊல்கான், "பொறுத்துக்க கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளும் அப்படித்தான் அந்த ஊருக்கு வந்தவள். பொறுத்தது நல்லதா என்று அவள் தன்னிடம் கேட்டதில்லை. வேறு பதிலும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜிபார் பேசவில்லை. இரண்டாம் வருஷம் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. எங்கே என்று வரவில்லை. ஆனால் முதல் வருஷத்திலிருந்தே, அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, மதியத்தை ஒட்டி, தெரியாத எண்ணிலிருந்து ஒரு மணி. மூன்றாம் வருஷம் ஊல்கான் தாங்க முடியாமல் எடுத்துவிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது. சளி பிடித்தால் மூக்கை உறிஞ்சுகிற அந்தப் பழைய உறிஞ்சல் கேட்டது. ஜிபார் வைத்துவிட்டாள். நாலாம் வருஷம் மணி வரவில்லை. அந்த வருஷத்தை ஊல்கான் எப்படிக் கடந்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் ஆள் இல்லை. ஐந்தாம் வருஷம் மணி மறுபடியும் வந்தபோது, இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

உயிரோடிருக்கிறேன் என்று சொல்லும் மணியா, மறந்துவிடாதே என்று குத்தும் மணியா, அவளுக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் அது வேண்டும்.

இக்ராம் எழுதிக் கொடுத்த சீட்டோடு போன் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் நகம் நீளமாக வைத்த ஒரு பெண்.

"சிம் யார் பேர்ல இருக்கு?"

"எங்க வீட்டுப் பெரியவர் பேர்ல. அப்ப அவர் பாஸ்போர்ட் கொடுத்துதான் வாங்கினோம்."

"பேரு?"

"என் புருஷனோட அண்ணன்."

"அக்கா, கம்ப்யூட்டர்ல புருஷனோட அண்ணன்னு அடிச்சா ஊர்ல பாதிப் பேர் வந்து நிப்பாங்க. பேர் சொல்லுங்க."

ஊல்கானின் வாய் திறந்து மூடியது. வாழ வந்தவள் மாமனார் பேரையும் கணவனின் அண்ணன் பேரையும் வாயால் சொல்லக் கூடாது. அவர் பேரில் அவர்கள் பாஷையில் இரும்பு என்கிற சொல் இருக்கிறது. அதனால் முப்பது வருஷமாக இரும்பைக்கூட அவள் 'கெட்டியானது' என்றுதான் சொல்லி வந்தாள். கடைக்குப் போய், கெட்டியான ஆணி கொடு என்று கேட்டு வாங்கியிருக்கிறாள்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். "பாவம், எழுதித் தரச் சொல்லும்மா. உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்பத் தெரியும்."

"எனக்கு வேணாம்ப்பா அப்படி ஒரு கல்யாணம்" என்று அந்தப் பெண் துண்டுத் தாளைத் தள்ளினாள்.

ஊல்கான் எழுதினாள். எழுதும்போதே காது சூடானது.

"ரோமிங் போட, நம்பர் உங்க பேருக்கு மாறணும். இவர் நேர்ல வரணும். பாஸ்போர்ட்டோட."

விமானத்துக்கு இன்னும் நாலு நாள். போனைச் சார்ஜ் போட்டு யாரிடமாவது விட்டுப்போகலாமா என்று ஊருக்கு, உஸ்கென் போகும் வண்டியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி ரஷ்யாவில். கூடப் படித்தவளுக்குக் காது கேட்காது. விரல்கள் அதோடு நின்றுவிட்டன. ஐம்பத்திரண்டு வருஷம் வாழ்ந்து, ஒரு போனைக் கையில் கொடுத்து அடித்தால் எடுக்காதே என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

பெரியவர் கொட்டகையின் கூரைமேல் ஆப்ரிகாட் பழங்களைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தார். அவள் ஏணியடியில் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அவர் காலணியைப் பார்த்துப் பேசினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் மேலிருந்தே சொன்னார்:

"ஏம்மா, அங்க போய்ப் புது நம்பர் வாங்கிக்க. இந்தப் பழசைக் கட்டிகிட்டு என்ன பண்ணப் போற? உனக்கு யார் போன் பண்றா?"

"ஜிபார் பண்றா."

காலணி அசையாமல் நின்றது. ஒரு பழம் உருண்டு விளிம்பைத் தாண்டி அவள் பக்கத்தில் விழுந்தது.

"என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்றதில்ல. ஒரு மணி. வருஷத்துக்கு ஒண்ணு."

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா."

"என்கிட்ட சொல்லலையே நீ."

"நீங்க கேக்கலை."

அவர் மேலே குந்தி உட்காரும் சத்தம் கேட்டது. கடைசியில், "முதல் வண்டி எத்தனை மணிக்கு?" என்றார்.

மறுநாள் பெரியவர் வெள்ளைத் தொப்பியைத் துலக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியில் மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்தார். அதே நகம் வைத்த பெண் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு ஒலிவாங்கியை ஊல்கான் பக்கம் திருப்பினாள்.

"பதிவாகுதுக்கா. எந்த நம்பர், யாரோட பேர்லேருந்து உங்க பேருக்கு மாத்தறீங்கன்னு வாயாலதான் சொல்லணும். எழுத முடியாது. வேணும்னா அவரை வெளிய நிக்கச் சொல்லட்டுமா?"

பெரியவர் வாசலைப் பார்த்து ஒரு அடி வைத்தார்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள் ஊல்கான். எண்ணைச் சொன்னாள். பிறகு, "தெமிர்பாய்" என்று சொன்னாள். அவருடைய தகப்பன் பேரையும் சேர்த்து, நிதானமாக, பக்கத்துக் கவுண்டர்களில் நின்றவர்களும் கேட்கும்படி.

அவர் தரையைப் பார்த்தார். அறைந்த மாதிரி கன்னம் சிவந்திருந்தது. ஊல்கானுக்கு வெற்றி மாதிரி எதுவும் தோன்றவில்லை. முப்பது வருஷம் பயந்தது இந்தச் சின்னச் சொல்லுக்கா என்று மட்டும் இருந்தது. இதைவிடச் சின்ன இன்னொரு சொல்லை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது, வேண்டாம் என்று.

வெளியே வந்ததும் அவர், "நல்லபடியா போயிட்டு வா" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வண்டி வந்துவிட்டது.

இஸ்தான்புல்லில் அவள் பார்த்துக்கொள்ள வேண்டிய முஸெய்யன் அம்மாவின் வீடு நாலாவது மாடி. சன்னலில் எதிர்வீட்டுச் சன்னல். காலையில் மருந்து, பிறகு குளிப்பாட்டல், பிறகு சூப், பிறகு மறுபடி மருந்து. பேச்சு என்றால் "திரும்புங்க", "வாயைத் திறங்க". ஊருக்குப் போகிற ஒருத்தியிடம் பழைய போன் ஒன்று வாங்கினாள். அதில் வீட்டம்மாவின் மகன் மட்டும் கூப்பிடுவார், மாத்திரை கொடுத்தாச்சா என்று கேட்க. பட்டன் போன் ஏப்ரன் பையில் கிடந்தது. எண் செத்துவிடக் கூடாதென்று மாதத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து இக்ராமுக்கு ஒரு வரி அனுப்புவாள். "உயிரோட இருக்கு." அவன் பதிலுக்கு ஒருமுறை, "நீங்களா, நம்பரா?" என்று கேட்டிருந்தான். அந்த ஊருக்கு வந்தபின் அவளை ஒருவர் நலம் கேட்டது அது ஒன்றுதான்.

அக்டோபர் பத்தொன்பது. காலையிலிருந்தே கையில் எதுவும் நிற்கவில்லை. சூப் இரண்டு தடவை பொங்கி வழிந்தது.

"என்ன ஆச்சு உனக்கு இன்னைக்கு?" என்றாள் முஸெய்யன் அம்மா.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அடுப்பெல்லாம் சூப்பு?"

அப்போது ஏப்ரன் பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். தெரியாத எண். ஒரு மணி. நின்றது. ஊல்கான் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். வந்துவிட்டது. இனி அடுத்த அக்டோபர் வரைக்கும் இருக்கலாம்.

மறுபடியும் அடித்தது. ஒன்று. இரண்டு. அவள் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். எடுத்தால் அடுத்த வருஷத்து மணி போய்விடும். மூன்று. நாலு. அது நிற்கவில்லை. நிறுத்த மனமில்லாத ஆள் அந்தப் பக்கம் இருந்தாள். ஏழாவது மணியில் எடுத்தாள்.

"யாரு பேசறது?" குரல் தடித்திருந்தது. வளர்ந்த பெண்ணின் குரல்.

"நான்தான்."

மூச்சு. உறிஞ்சல்.

"மணி வேற மாதிரி அடிச்சுது. செத்துட்டியோ, நம்பரை வேற யாருக்கும் குடுத்துட்டாங்களோன்னு..."

"ஊர்ல இல்ல நான். இஸ்தான்புல்ல இருக்கேன். வேலைக்கு."

"யாரு அனுப்பினாங்க? பெரியப்பாவா?"

"யாரும் அனுப்பலை. நானா வந்தேன்."

பின்னால் எங்கோ ரயில் அறிவிப்பு ஓடியது.

"நீயாவா?" என்றாள் ஜிபார்.

"நானாத்தான். ஜிபார், அன்னைக்கு நான்..."

போனில் ஒரு கீச்சொலி கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. திரையில், இருப்பு முடிந்தது என்று எழுத்து ஓடியது. பேசாமலிருப்பதற்கென்று அவளே பார்த்துத் தேர்ந்தெடுத்த திட்டம்.

அந்தப் பக்கம் இருப்பவளுக்கு இது என்னவாகத் தெரியும்? அம்மா வைத்துவிட்டாள் என்றுதான் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் வைத்த மாதிரியே.

ஊல்கான் அடுக்களை மேஜைமேல் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பட்டன் போனின் திரையிலிருந்து எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து மற்றதில் அழுத்தினாள். ஒரு தடவை தப்பாகிவிட்டது. அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூக்குக்கண்ணாடியைத் தேடப் பொறுமையில்லை.

"யாருடீ அது?" என்று அறையிலிருந்து குரல் வந்தது.

"என் பொண்ணு" என்றாள் ஊல்கான். அவளுக்குப் பெண் ஒருத்தி இருப்பது அந்த வீட்டுக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

காதில் வைத்தாள். இன்னொரு நாட்டு மணி, அவள் இதுவரை கேட்டிராதது. ஒன்று அடித்தது. அவள் வைக்கவில்லை. இரண்டு அடித்தது.