காக்கித் துணியில் ஒரு கோட்டு

கோபாலபுரம் ஆட்டோ ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது ஹபீபுர் ரஹ்மான் வண்டி. எங்களுக்கு அவர் பாய். ஐம்பதைத் தாண்டிய மனிதர். சவாரி இல்லாத நேரத்தில் போனில் ஹாலிவுட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்ப்பார். வசனம் பாதி புரியாது, அந்தக் கவலையும் அவருக்கு இல்லை. கோட்டின் காலர் எப்படி மடிகிறது, கதாநாயகன் தொப்பியை எப்படித் தொடுகிறான், இதைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்.

"அந்தப் படத்துல வேலை போனவன்கூட டையைச் சரி பண்ணிக்கினுதான் தெருவுல எறங்குறான், நைனா. நாம மட்டும் ஏன் கசங்கிப்போய் நிக்கணும்?" என்பார்.

போன சித்திரையில் மனுஷன் காரியத்தில் இறங்கிவிட்டார். ஆட்டோக்காரன் காக்கி போட வேண்டும், சரி. காக்கியை எப்படித் தைக்க வேண்டும் என்று எவன் சொன்னான்? டெய்லராக இருக்கும் மச்சான் ஷரஃபுதீனிடம் துணியைக் கொடுத்து, இரண்டு வரிசைப் பட்டன் வைத்த கோட்டாகத் தைத்துக்கொண்டு வந்துவிட்டார். கறுப்பு டை, மார்புப் பையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை. அந்த வெயிலில்! நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஆளுக்கு அம்சமாக இருந்தது.

வினை பிறகு வந்தது. சவாரிக்கு வருகிறவர்கள் பாயையும் பயணி என்று நினைத்தார்கள். "சார், இந்த வண்டி டிரைவர் எங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் தெருமுனைக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஸ்டாண்டில் வரிசை முறை. முதல் வண்டி நகராமல் அடுத்த வண்டிக்குச் சவாரி கிடையாது. பாய் முன்னால் நின்றால் மொத்தப் பேரும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஸ்டாண்டுத் தலைவர் கருணாகரன் பொங்கிவிட்டார். "பாய், நாளைக்குச் சட்டையில வா. கோட்டுல வந்தா இங்க உனக்கு எடம் கெடையாது!"

பாய் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த இடத்தை நம்பித்தான்.

மறுநாள் கோட்டோடுதான் வந்தார். அடப்பாவி மனுஷா! இஸ்திரி வேறு!

"தலைவரே, என் முறைல சவாரி ஏறலன்னா நானே கடைசில போய் நிக்கிறேன். உங்க பொழப்புல கை வைக்க மாட்டேன். ஆனா கோட்டைக் கழட்ட மாட்டேன்."

"அப்போ வண்டிய எடு!" என்று தலைவர் கத்திக்கொண்டிருந்தபோதே, லேப்டாப் பையோடு ஓர் இளைஞன் வந்தான். தலைவரைப் பார்த்து விரலைச் சொடுக்கினான். "யோவ், நந்தனம் வருவியா?"

தலைவர் முகம் மாறவில்லை. எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. பாய்தான் குறுக்கே போய் நின்றார். கோட்டைப் பார்த்ததும் அவன் பின்வாங்கினான். "சாரி சார், நீங்க முதல்ல பேசிட்டீங்களா?"

"நானும் ஆட்டோ டிரைவர்தான். அவரு எங்க தலைவரு. எனக்கு இன்னா மரியாதை குடுத்தியோ, அதே மரியாதையில அவரையும் கேளு. இல்லன்னா இங்கேர்ந்து ஒரு வண்டியும் நகராது."

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. வண்டியிலிருந்து சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மற்றவர்களும் உருவினார்கள்.

இளைஞன் திணறினான். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "சார்... நந்தனம் வரீங்களா?" என்றான்.

"உக்காருங்க" என்றார் கருணாகரன். வண்டியைக் கிளப்பியவர் தலையை வெளியே நீட்டிப் பாயைப் பார்த்து உறுமினார்.

"நான் வர்ற வரைக்கும் இங்கியே நில்லு பாய். எவனாவது கோட்டைக் கழட்டச் சொன்னா, எனக்கு ஒரு போன் அடி."