கோர்வைக்கு உட்கார்ந்தவளின் வலி

ஸ்வர்ணலதாவுக்கு அந்த வலி முதலில் வந்தது 1995 ஆடி மாதத்தில். அப்போது அவளுக்கு வயது முப்பத்துமூன்று. இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில், ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குச் சுடுவதுபோலத் தொடங்கும். பிறகு கழுத்தைச் சுற்றிக்கொண்டு தொண்டைக்கு வரும். வந்துவிட்டால் எச்சில்கூட விழுங்க முடியாது. கால் மணி நேரம் இருக்கும், சில நாள் ஒரு மணி நேரம். போய்விட்டால் அவள் மற்றவர்களைப் போலத்தான் இருப்பாள். அவளுக்கு எதிரான முதல் சாட்சி அதுதான்.

கணவன் ஹேமநாத் ஆரணியில் வீட்டிலேயே பட்டுத்தறி நெய்கிறவன். அவன் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கும் அந்தச் சேலையைத் தனியாக நெய்ய முடியாது. தறியின் இடதுபக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒவ்வொரு மிதிக்கும் தள்ளித் தள்ளிப் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்தவள் ஸ்வர்ணலதா. அந்த இடத்துக்கு ஒரு நியதி உண்டு. ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், முடியும்வரை ஆளை மாற்றக் கூடாது. இழுக்கும் கை மாறினால் கரை சேரும் இடத்தில் தெரிந்துவிடும், பட்டு கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி சேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு பாவில் நான்கு சேலை. முடிய இரண்டு மாதம் ஆகும். பழைய பாவு தீர்ந்து, அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து சேர்க்கிற இரண்டு நாளில்தான் ஆள் மாறலாம். தவறினால் இன்னும் இரண்டு மாதம்.

அவள் கேட்டது அவ்வளவுதான்: ஒரு பாவுக்கு மட்டும் என்னை அந்த இடத்திலிருந்து எழுப்பிவிடுங்கள். பக்கத்துத் தெரு ரங்கம்மாள் உட்காரத் தயாராக இருந்தாள். ஆனால் ரங்கம்மாளுக்குக் கூலி தர வேண்டும். மனைவிக்குத் தர வேண்டியதில்லை. டாக்டர் சொல்லட்டும், பார்க்கலாம் என்றான் ஹேமநாத்.

டாக்டர் இராஜமாணிக்கம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினெட்டு வருடமாக வைத்தியம் பார்த்துவந்தார். கெட்டிக்காரர் என்று பெயர். பெயருக்குக் காரணமும் இருந்தது. மஞ்சள் காமாலையை வாசற்படியில் நிற்கும்போதே சொல்லிவிடுவார். கண்டுபிடிக்க முடிந்த நோய்களிடம் அவருக்கு ஒரு பிரியம் உண்டு. பிடிபடாதவற்றின்மேல் கோபம். நோயைத் திட்ட முடியாது என்பதால் அந்தக் கோபம் அதைக் கொண்டுவந்தவர்மேல் விழும்.

முதல் தடவை வயிற்றில் கேஸ் என்றார். இரண்டாவது தடவை ஈ.சி.ஜி. எடுத்தார். பிறகு எக்ஸ்ரே, ரத்தம், தைராய்டு. வேலூருக்கு அனுப்பித் தொண்டைக்குள் டியூப் விட்டும் பார்த்தாயிற்று. எல்லாம் சுத்தமாக வந்தன. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு, ஹேமநாத்தின் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லை என்பார். நல்ல செய்தி சொல்கிறோம் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தச் சொல் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது என்னவாகிறது என்று அவருக்குத் தெரியாது. அங்கே அது தீர்ப்பு. மாமியார் அபிதகுசாம்பாள் அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்: டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு, இவளுக்குத்தான் இன்னாவோ இருக்குதாம். மறுநாள் ஸ்வர்ணலதா இடதுபக்கம் உட்காருவாள்.

நடுவில் சந்தவாசலில் ஒரு குறிசொல்லியிடமும் கூட்டிப்போனார்கள். எங்கே ஆரம்பிக்கிறது, எப்போது வருகிறது, வரும்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அந்த மனிதர் அரை மணி நேரம் கேட்டார். அதுவரை யாரும் அவளை அவ்வளவு கேட்டதில்லை. முடிவில், செத்துப்போன நாத்தனார் பிடித்திருக்கிறாள் என்றார். நாத்தனார் தெள்ளாரில் உயிரோடு இருந்தாள். டாக்டர் கேட்காமலே பதில் வைத்திருந்தார். இவர் பதிலை வைத்துக்கொண்டு கேட்டார். இரண்டில் எது மேல் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

1996 தை மாதம், பாவு தீர மூன்று நாள் இருந்த வெள்ளிக்கிழமை, ஹேமநாத்தும் அவளும் மறுபடி போனார்கள். அன்று டாக்டரிடம் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அவர் பேனாவை மூடிவிட்டார். இது உடம்பு இல்லை, மனசு என்று ஹேமநாத்திடம் சொன்னார். சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு இப்படி வரும். கையில் ஏதாவது வேலை கொடுத்து வையுங்கள், தானாகச் சரியாகும். அவர் சொன்னது இவ்வளவே. ஹேமநாத்துக்கு வேறென்ன வேண்டும்? வழியெல்லாம் சைக்கிளை மிதித்தபடி அதையே சொல்லிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் ரங்கம்மாளுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினான்.

ஸ்வர்ணலதா மறுநாள் காலை தனியாகப் போனாள். அவள் தனியாகக் கிளினிக் படியேறியது அதுதான் முதல் தடவை. இருபத்தேழாவது டோக்கன். உள்ளே போனதும் உட்காரவில்லை.

"நேத்துதானம்மா பார்த்தேன்" என்றார் டாக்டர்.

"எங்க பார்த்தீங்க. எங்க வூட்டுக்காரரத்தான் பார்த்தீங்க."

அவர் நிமிர்ந்தார். அவள் தன் நாற்பது பக்க நோட்டை மேஜைமேல் வைத்தாள். அவர் மருந்து எழுதித் தரும் நோட்டு. முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில் என்று மூன்று வரி. தொழில் என்ற இடத்தில் ஹவுஸ் வைஃப் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அவள் யாரையோ படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டு வந்திருந்தாள்.

"வேலை குடுன்னு சொன்னீங்களே. காலைல ஆறு மணிலேர்ந்து தறில குந்திகினு இருக்கறேன். பன்னெண்டு வருசமா. என்னா பண்றேன்னு ஒரு நாளு கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. பட்டு நெய்கிற ஊரில் பதினெட்டு வருடம் இருந்தவர். நெசவாளர் சொசைட்டி அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நெசவாளி என்று ஊரே நம்புவதுபோல அவரும் நம்பிவிட்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லா டெஸ்ட்டும் நார்மல், நான் இல்லாத வியாதியை இருக்கிறதென்று எழுத முடியாது என்றார். குரல் உயர்ந்திருந்தது.

"பாவுல எழை அறுந்துகினே இருந்தா எங்க வூட்டுக்காரரு ஒண்ணுமில்லன்னுட்டு எழுந்து பூட மாட்டாரு" என்றாள் அவள். "எங்க அறுக்குதுன்னு தெரியலன்னுவாரு. தெரியற வரைக்கும் மிதிக்க மாட்டாரு. நீங்க படிச்சவரு. உங்களுக்கு அந்த ஒரு வார்த்த வராதா?"

டாக்டர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டே, எப்படி உட்காருவாய், காட்டு என்றார். அவள் நோயாளிகளின் ஸ்டூலில் உட்கார்ந்து உடம்பைத் திருப்பி, நாடா இல்லாத கையால் தள்ளிப் பிடித்துக் காட்டினாள். அவர் முதுகில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். எதுவும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதில் அவருக்கு இருந்த எரிச்சல் அவளுக்கும் தெரிந்தது.

"வலி இருக்கு. ஏன்னு எனக்குத் தெரியல" என்றார் கடைசியில். எவரிடமோ தோற்றுப்போனவர்போல அதைச் சொன்னார். தமிழிலேயே சீட்டில் எழுதினார்: வலி உண்டு, காரணம் தெரியவில்லை, மூன்று மாதம் தறியில் உட்கார வேண்டாம். சீட்டை அவள் கையில் கொடுக்காமல் மேஜையில் தள்ளினார். அவளும் நன்றி சொல்லவில்லை.

ஹேமநாத் சீட்டைப் படித்துவிட்டு, தெரியலன்னா அந்த ஆளு எதுக்கு டாக்டர்னு போர்டு போட்டுக்கினு இருக்கறாரு என்று கேட்டான். அதைவிடப் பெரிய ஆயுதம் அபிதகுசாம்பாளிடம் இருந்தது. அவள் தன் காலத்தில் அதே இடத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள்.

"எனக்கும்தான் முதுவுல சுட்டுச்சி. தொண்டைய புடிச்சிச்சி. நான் குந்தல?" என்றாள்.

மருமகளை அடக்கத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. ஹேமநாத் தாயைப் பார்த்தான். ஆறு மாதமாக ஒன்றுமில்லை என்று சொல்லிவந்த வாய் அது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ரங்கம்மாள் வீட்டுக்குப் போனான். கிழவி அதற்காக மருமகளிடம் பதினைந்து நாள் பேசவில்லை.

இத்தோடு வலி போயிற்று என்று எழுத முடிந்தால் டாக்டருக்கும் ஹேமநாத்துக்கும், ஏன், எனக்கும் வசதியாக இருக்கும். போகவில்லை. வாரத்துக்கு நான்கு முறை வந்தது இரண்டு முறையாயிற்று. சித்திரையில் அடுப்பங்கரையில் நிற்கும்போது வந்தது. ரங்கம்மாளின் பாவும் தீர்ந்துகொண்டிருந்தது. ஹேமநாத் இதைத்தான் எதிர்பார்த்திருந்தான். அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனான்.

"தறில குந்தாமலே வலிக்குது சார். அப்ப தறியால இல்ல. குந்தினா இன்னா?"

நியாயமான வாதம். ஸ்வர்ணலதா டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்ற பழைய சொல் அந்த வாய்க்குள் இன்னும் இருந்தது. அவர் சொல்லத் தொடங்கியதாகவும் அவளுக்குத் தோன்றியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முதல் தடவையாக நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. உட்கார முடியுமா?"

"முடியாது."

"முடியாதாம்" என்றார் ஹேமநாத்திடம். அடுத்த டோக்கனைக் கூப்பிட மணியை அடித்தார்.

அவள் அதன்பிறகு இடதுபக்கம் உட்காரவில்லை. வலிக்கு இன்றுவரை பெயர் இல்லை. 2004இல் டாக்டர் கிளினிக்கை மூடும்வரை மாதம் ஒரு முறை போய் வந்தாள். போகும்போதெல்லாம் இருவரும் சண்டை போட்டார்கள். அவரை நல்ல டாக்டர் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஒரு கேள்வி கேட்க அவருக்குப் பதினெட்டு வருடம் ஆயிற்று.