தம்பியோடு பழைய சிறைக்குப் போனது

திருமண மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் நடந்த கைகலப்பில் தம்பியையும் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் ரிமாண்ட் சிறையில் இருந்தவனை நான் பிணை நின்று வெளியே எடுத்தேன். நான் கூட இல்லாமல் அவன் வீட்டைவிட்டு வெளிக்கிடக்கூடாது என்பது நிபந்தனை. மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸ் படிகளில் நாள் முழுக்க ஏறி இறங்கினான். வேலையில் எனக்கும் மனம் ஓடவில்லை.

அப்போது நான் மாலை வகுப்பில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். விக்டோரியா மகாராணி காலத்துச் சிறைச் சீர்திருத்தம் பற்றிய பாடம். ஒரு சனிக்கிழமை, ஆற்றங்கரையில் இருக்கும் பழைய சிறையைப் பார்க்க வகுப்போடு போகவேண்டியிருந்தது.

"நீயும் வா," என்றேன்.

"ஜெயில் பாக்க நானோ, அக்கா?"

"உன்னை வீட்டில விட்டிட்டு அங்க நிண்டு என்னால ஒண்டும் கேக்க ஏலாது."

வந்தான். சுற்றிக் காட்டிய பெண் சொன்னாள்: இந்தச் சிறையைக் கட்டுவதற்கு முன்பு சவுக்கும் தூக்குமரமும் காட்டித்தான் சனத்தைப் பயமுறுத்தினார்கள். இதைக் கட்டியவர்கள் நல்லெண்ணக்காரர்கள். ஆளுக்கொரு அறை, வாய் திறக்கக்கூடாது. தனிமையில் மனச்சாட்சி பேசும், மனிதன் திருந்துவான் என்று நம்பினார்கள்.

கையை நீட்டமுடியாத அறை. தம்பி உள்ளே கால் வைத்தவுடனேயே வெளியே வந்துவிட்டான்.

"கதைத்தால் என்ன செய்வார்கள்?" என்று அவளை ஆங்கிலத்தில் கேட்டான்.

"வெறும் பாணும் தண்ணீரும்தான் சாப்பாடு. ஆனாலும் கதைத்தார்கள்."

திரும்பும்போது, பஸ்ஸில், அந்த ஒரு வாரத்தைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்தான்.

"அங்க ஒரு செல்லுக்க மூண்டு பேர், அக்கா. லைற் ஓஃப் பண்ணமாட்டாங்கள். ஒருத்தன் கத்திக்கொண்டே இருப்பான். அந்த சைலன்ஸ் கிடைச்சிருந்தா நான் நித்திரை கொண்டிருப்பன்."

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அந்தக் காலத்து ஆக்கள் ஆளைத் திருத்தவெண்டாவது கட்டினவங்கள். என்னை ஏன் வச்சிருந்தவங்கள்? நான் குற்றவாளியெண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையே."

வீட்டுக்கு வந்து, வகுப்புக்கு எழுதவேண்டிய கட்டுரையைத் தொடங்கித் தொடங்கி அழித்தேன்.

இலையுதிர் காலத்தில் மண்டபத்துக் கமராப் பதிவு நீதிமன்றத்துக்கு வந்தது. தம்பி சண்டையை விலக்கப் போனவன் என்பது அதில் தெரிந்தது. அரச தரப்பு வழக்கைக் கைவிட்டது. அன்று மாலையே அவன் தனியாக பஸ் எடுத்து மோர்னிங்சைட்டில் நண்பன் வீட்டுக்குப் போனான். இனி அவனை யாரும் தடுக்கமுடியாது என்று தெரிந்தும், அவன் வந்து சப்பாத்தைக் கழற்றும்வரை என்னால் ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை.