விளக்கின் முன் வைத்த கண்ணாடி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் பொடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பதினான்கு வருடமாக மஞ்சள் பொடி அரைப்பதும் உலையில் சுடுவதுமே அவர் வேலை. அந்தப் பொடியைச் சுவரில் பூசினால், சாதாரண விளக்கு வெளிச்சத்திலேயே அது பெயின்ட்டிலும் பலகையிலும் பசையிலும் இருந்து கசியும் நச்சு வாயுவைச் சிதைக்க வேண்டும். மனிதர் இதைச் சொல்ல ஆரம்பித்தால் கையில் இருக்கும் டீ ஆறிப் பச்சைத்தண்ணீராகிவிடும்.

போன வருடம் ஒரு பொடி, சோதனைப் பெட்டிக்குள் விட்ட வாயுவை ஒரே மணி நேரத்தில் காலி செய்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா வீட்டில் புது அலமாரிகள் வைத்த அறையில் அவரே பொடியைக் கரைத்துப் பூசினார். அக்கா மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. "ஜன்னலை மூடியே வை, அக்கா. தூசி படிஞ்சா பொடி வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று மாதம் கழித்துத்தான் குட்டு உடைந்தது. விளக்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரைத் தடுக்க, அதன் முன் ஒரு தனிக் கண்ணாடி வைப்போம். துடைக்க அதை எடுத்த பொடிக்காரர், திரும்ப வைத்தது பக்கத்தில் கிடந்த வெறும் கண்ணாடியை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பொடியை வேலை செய்யவைத்தது அந்தக் கதிர்தான். அந்தக் கதிர் இல்லாத வீட்டு விளக்கில் பொடி வெறும் மஞ்சள் பூச்சு. அந்தச் சோதனை அறிக்கையில் சரிபார்த்தவன் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டது நான்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனோம். நான் ஒன்றும் பெருந்தன்மையாகக் கிளம்பவில்லை, அவர் விடவில்லை. உள்ளே போனதும் ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்தார். கட்டிலில் அந்தப் பெண் இன்ஹேலரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா. அந்தப் பொடி எதுக்கும் ஆகாது. நான்தான் கண்ணாடியை மாத்தி வச்சுட்டேன்" என்றார்.

"நானும் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன். அது யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

அக்கா திட்டுவார் என்று நின்றோம். திட்டியிருந்தால் தேவலை.

"டாக்டர் போன மாசமே ஜன்னலைத் திறந்து வைங்கன்னாருடா" என்றார். "என் தம்பியைவிட உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுட்டு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."